கீழே தள்ளினால் பேசும்

மருதையன் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தான். கையிலிருந்த சோற்று உருண்டை எங்கே விழுந்தது, இலையைத் தாண்டினானா மிதித்தானா, எதுவும் தெரியாது. வாய்க்கால் கரைத் தென்னை மரத்தில் அவனே ஏறிக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் குரலில் பேசிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை தெக்குத் தெருவுல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. மொத்தப் பேரையும் வடக்குப் பண்ணைக்கு நடவுக்கு ஓட்டிடு. கிழடு கட்டை, குஞ்சு குளுவானுக்கெல்லாம் கோயில்ல சோறு போடு. ரெண்டு டிராக்டரை இறக்கு. குடிசை படுத்ததும் தண்ணியைக் கட்டி உழுது நாத்தை நட்டுடு. திங்கக்கிழமை ஆர்.ஐ. வந்து பார்க்கிறப்ப அங்க பயிர் நிக்கணும். வீடா? எந்த வீடு சார்? இது எங்க நஞ்சையில்ல!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியதுகூடத் துல்லியமாகக் கேட்டது. மருதையன் செய்த மைக் அவ்வளவு நல்ல மைக்.

அது 1972, ஆவணி. குடியிருக்கும் மனை அதில் குடியிருக்கும் கூலிக்காரருக்கே சொந்தம் என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். புங்கஞ்சேரி தெற்குத் தெருவின் நாற்பது குடிசைகளும் மிராசுதார் நிலத்தில் நின்றன. யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பெயர் எழுதத்தான் திங்கட்கிழமை வருவாய் ஆய்வாளர் வருவதாக இருந்தது. மருதையன் பிறந்ததும் அந்தத் தெருவில்தான். வயது இருபத்து நாலு. மிராசுதார் மகள் கல்யாணத்துக்கு அன்றைக்கு அவனுடைய மைக் செட்.

ஸ்பீக்கரை நிறுத்தத்தான் அவன் ஓடினான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பற்றிய நினைப்பே அவனுக்கு அப்போது வரவில்லை. தன் முதுகுத் தோல் மிஞ்சுமா என்பதுதான் நினைப்பு.

மைக் கடையில் வாங்கியதில்லை. தஞ்சாவூரில் பழைய சாமான் கடையில் கிடைத்த உள்பாகத்தை ஒரு முகப்பவுடர் டப்பாவுக்குள் பொருத்தி, டார்ச் லைட்டில் இருந்து பிடுங்கிய சுவிட்சைப் பற்றவைத்து அவனே செய்தது. அவசரத்தில் சுவிட்சைத் தலைகீழாக வைத்துவிட்டான். ஊரில் உள்ள டார்ச்செல்லாம் மேலே தள்ளினால் எரியும். இவன் மைக் கீழே தள்ளினால் பேசும், மேலே தள்ளினால் ஊமை.

தெற்குத் தெரு ஆள் மிராசுதார் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க முடியாது. அதனால் ஆம்ப்ளிஃபயர் கொல்லையில், மாட்டுக் கொட்டகையில் இருந்தது. ஒயர் மட்டும் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் போனது. ஒயருக்குத் தீட்டு இல்லை. காலையில் மைக்கை வாங்கி உள்ளே கொண்டுபோனவர் ஏஜெண்ட் பஞ்சநாதன். பண்ணையின் ஆள் அம்பு, ஏச்சு பேச்சு, அடி உதை எல்லாம் அவர் பொறுப்பு.

"என்னடா இது, பவுடர் வாசனை அடிக்குது?"

"டப்பா வாசனைங்க அய்யா. கீழ தள்ளினா பேசுங்க, மேல தள்ளினா பேசாதுங்க."

"ஒன் புத்தி மாதிரியே தலைகீழா இருக்கு."

முகூர்த்தம் முடிந்தது. பந்தி முடிந்தது. பஞ்சநாதன் கொல்லைக்கு வந்து, "விருந்தாளிங்க கண் அசரணும். வாசல் குழாயைக் கழட்டிட்டு நீ போய் வாய்க்கால் கரையில சாப்பிடு" என்றார். மருதையன் வாசல் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினான். தென்னை மரத்து ஸ்பீக்கர் தூரத்தில், தெற்குத் தெருவைப் பார்த்து நின்றதால் அதைத் தொடவில்லை. வால்வு செட் மறுபடி சூடேற நேரம் பிடிக்கும், சாயந்தரம் நலங்கு வேறு இருக்கிறது என்று ஆம்ப்ளிஃபயரையும் அணைக்கவில்லை. மைக்கை யாரோ மேலே தள்ளிய 'டொக்' சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனான்.

அரை மணி கழித்து அது வாய் திறந்துவிட்டது.

கொட்டகைக்கு வந்து சேர்ந்தவன் அப்படியே நின்றான். கதவில் பூட்டு தொங்கியது. அவன் பூட்டவில்லை. அவனிடம் பூட்டே கிடையாது. உலுக்கினான், தோளால் மோதினான். உள்ளே மாடு கத்தியது. மரத்தில் மிராசுதார் கத்தினார். மரத்தடியிலேயே ஒயரை இழுத்து அறுத்திருக்கலாம் என்ற யோசனை அவனுக்கு வந்தபோது ஒரு வாரம் ஆகியிருந்தது.

நாலு நிமிஷம் ஊரே கேட்டது. அப்புறம் பஞ்சநாதன் கடப்பாரையோடு ஓடி வந்தார். ஒரே நெம்பில் பூட்டு தெறித்தது. அடுத்த அடி ஆம்ப்ளிஃபயர் மேல். வால்வுகள் பொரி மாதிரி பொரிந்தன. "யாரு வீட்டுல ஒன் வேலையைக் காட்டுற?" என்று கூடத்துக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டு மருதையன் கன்னத்தோடு காதையும் சேர்த்து ஓர் அறை விட்டார்.

அன்றோடு மருதையனின் இடது காது கடையை மூடிவிட்டது.

சனிக்கிழமை தெற்குத் தெருவில் ஒருவரும் நடவுக்குப் போகவில்லை. விவசாயச் சங்கத்துக் காத்தாயி வீட்டுக்கு வீடு வாசலில் ஆளை உட்கார வைத்தாள். வந்த டிராக்டர்கள் திரும்பிப் போயின. திங்கட்கிழமை நாற்பது பெயரும் ஏட்டில் ஏறின.

மருதையன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். காத்தாயி மாலையைப் போட்டு அந்த வாயை மூடினாள். "எங்க தம்பிடா! மைக்கைத் திறந்து விட்டுட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி போய் சோறு தின்னிருக்கான் பாரு, கல்லுளிமங்கன்!" தெருவே சேர்ந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

*

முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. இனி அவரை 'அவன்' என்று எழுதினால் அம்சவல்லி சண்டைக்கு வருவாள். அவர் மனைவி.

தெரு கொடுத்த அந்த ஆம்ப்ளிஃபயரில் இருந்துதான் எல்லாம் ஆரம்பம். ஆம்ப்ளிஃபயர் வந்த இரண்டாம் மாசம் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தது. மைக் செட்டுக்காரனுக்கு வேலையும் இரண்டானது. காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி, நடுவில் விவசாயச் சங்கம். ஸ்பீக்கர் ஒன்றுதான், கொடியை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். "உங்க குழாய்க்கு வெக்கமே கிடையாதா?" என்பாள் அம்சவல்லி.

பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். முறைத்தண்ணீர் மதகுக்கு வந்ததும் வீட்டில் மணி அடிக்கிற மாதிரி ஒரு மிதவை செய்தார். பிரமாதமாக வேலை செய்தது. மிதவையில் தவளை ஏறி உட்கார்ந்தாலும் பிரமாதமாக வேலை செய்தது. மணி கேட்டு மண்வெட்டியோடு ஓடி, தவளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய சம்சாரிகள் மூன்றாம் நாள் மிதவையைக் கழற்றி வந்து கடை வாசலில் வைத்தார்கள். கூடவே அந்தத் தவளையையும்.

டிவி வந்த காலத்தில் நாகப்பட்டினம் வரை போய் மாடி மாடியாக ஆண்டெனா ஏற்றினார். இலங்கைப் படம் தெரிய வேண்டுமென்றால் காற்றடிக்கும்போதெல்லாம் ஆண்டெனாவைத் திருப்ப வேண்டும். கீழேயிருந்தே திருப்ப சைக்கிள் செயினும் பெடலும் வைத்து ஒரு ஏற்பாடு செய்து முதலில் சொந்த வீட்டில் மாட்டினார். அம்சவல்லி பெடலை மிதித்துக்கொண்டே பார்த்தாள். "கதாநாயகி அழுவுறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குதுங்க."

இத்தனைக்கும் நடுவில் ஒரு பொழுதுபோக்கு. தினமும் விடியற்காலையில் ஒற்றைக் காதை ரேடியோவோடு ஒட்டவைத்துச் சிற்றலையில் தூரதேசத்து நிலையங்களைத் தேடுவார். கிடைத்தால், 'உங்கள் பேச்சு இன்ன தேதி, இன்ன நேரம் புங்கஞ்சேரியில் இப்படிக் கேட்டது' என்று தபால் எழுதுவார். மாஸ்கோ, மணிலா, பெர்லின் என்று வண்ண அட்டைகள் வரும். நெருக்கடி நிலைக் காலத்தில் ஒரு போலீஸ்காரர் கடைக்கே வந்துவிட்டார்.

"வெளிநாட்டுக்காரன் ஒனக்கு எதுக்குய்யா கடுதாசி போடுறான்?"

"அவன் பேசுனது எனக்குக் கேட்டுச்சுன்னு எழுதினேங்க. அதுக்கு நன்றி சொல்றாங்க."

"வேலையத்த பயலுவ" என்றார் போலீஸ்காரர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. போகும்போது மாஸ்கோ அட்டை ஒன்றைப் பிள்ளைக்குக் காட்ட வாங்கிப் போனார்.

அப்புறம் கம்ப்யூட்டர், கல்யாணப் பத்திரிகை அச்சு, செல்போன் ரிப்பேர். கடைசியாகக் காதுப்பெட்டி. தீப்பெட்டி அளவில் சின்ன ஆம்ப்ளிஃபயர், பழைய செல்போனின் மைக், காதில் மாட்ட ஒரு குமிழ். காது கேளாதவன் செய்த காதுப்பெட்டி என்று தேடி வந்து வாங்கினார்கள்.

பஞ்சநாதனும் கடைக்கு வருவார். அதுதான் மருதையனுக்குப் புரியாத சங்கதி. அந்தக் கல்யாணம் முடிந்த மறு வருஷமே பண்ணை வேலையை விட்டுவிட்டார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆவணியில், ஒரு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். "பாடலை. என்னன்னு பாரு."

மருதையன் பின் மூடியைத் திறப்பார். ஒரு கோளாறும் இருக்காது. தூசியை ஊதிவிட்டு, பேட்டரிப் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் பித்தளைச் சாவியை எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளேயே போட்டு மூடுவார். ஒரு தடவை கேட்டார், "இது எதுக்குங்க இதுக்குள்ள?" பஞ்சநாதன் உதடு அசைந்தது. "கிடக்கட்டும்" என்றார். அடித்த கை என்று ஆத்திரம் இருந்த காலத்திலும் மருதையன் அந்த ரேடியோவைத் திறக்க மறுத்ததில்லை. போன ஆவணியில் கொடுத்துவிட்டுப் போனவர் வாங்க வரவில்லை. தையில் இறந்துவிட்டதாகக் கேள்வி. ரேடியோ கடையின் மேல் பலகையில் கிடந்தது.

*

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. மாலையை வாங்கிக்கிட்டு இறங்குங்க. அம்புட்டுதான்" என்றாள் அம்சவல்லி, சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டுக்கொண்டே.

2010 ஆவணி. தெற்குத் தெருவில் படிப்பகம் திறக்கிறார்கள். பெயர்ப் பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே 'மருதையன் படிப்பகம்' என்று எழுதியிருப்பது தெருவுக்கே தெரியும்.

"அது என் மாலை இல்லடி."

"முப்பத்தெட்டு வருஷமா போட்டுக்கிட்டப்ப கழுத்து உறுத்தலையா?"

"உறுத்துச்சு. மாலைதானேன்னு இருந்துட்டேன். வாடினா தூக்கிப் போட்டுடலாம். பலகை அப்படியா? எனக்கப்புறமும் நிக்கும். செஞ்சவங்க பேரு அதுல இருக்க வேணாமா?"

"செஞ்சவங்க யாருன்னு கண்டீங்களா?"

கண்டதில்லை. ஆனால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கூடத்துக்கும் போக வேண்டும், கொட்டகைக்கும் வர வேண்டும். கையில் சாவியும் இருக்க வேண்டும். பஞ்சநாதனிடம் சாவி இல்லை, இருந்திருந்தால் கடப்பாரை எதற்கு? மிச்சம் ஒரே ஆள். வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்த தையல்நாயகி அம்மாள், மிராசுதாரின் மனைவி. மருதையன் சின்னப் பையனாக இருந்தபோது, பாடாத வால்வு ரேடியோ ஒன்றைக் குப்பையில் போடாமல் வேலியோரம் வைத்து, "எடுத்துட்டுப் போய் நோண்டு, போ" என்றவளும் அவள்தான். அவர் வாழ்க்கையில் திறந்து பார்த்த முதல் ரேடியோ. வேறு யார் செய்திருப்பார்கள்?

அவளிடமே கேட்டிருக்கலாம். மிராசுதார் இருந்தவரை பயம். அவர் போன பிறகு அவளுக்குக் காது போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில், நிலம் பாதி கைமாறிவிட்டது. எண்பத்தைந்து வயதில் அந்தப் பெரிய வீட்டின் ஒரு மூலையில் இருந்தாள். போன வாரம் அவளுக்கென்று தனியாக ஒரு காதுப்பெட்டி செய்து கொண்டுபோய் மாட்டிவிட்டு, "விழாவுக்கு வரணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். நன்றியை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம்.

பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மிராசுதார் வீட்டுப் பெண் தெற்குத் தெருவில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. காத்தாயி, எண்பதைத் தொட்டவள், தன் பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டி, "ஒக்காருங்க. இங்க யாரும் உழுதுட மாட்டாங்க" என்றாள். தையல்நாயகி சிரித்துவிட்டாள். பெட்டி வேலை செய்கிறது என்று மருதையனுக்குச் சந்தோஷம்.

விளக்கேற்றியதும் கரண்ட் போனது. பந்தலே சிரித்தது. மருதையன் கீழே குனிந்து பேட்டரி ஒயரை மாட்டினார். அவர் மேடைக்கு அவர்தானே மைக் செட்!

"நான் அன்னிக்கு அதை அணைக்கத்தான் ஓடியாந்தேன்" என்று எடுத்த எடுப்பில் சொன்னார்.

அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொட்டகை பூட்டியிருந்துச்சு. திறந்திருந்தா அணைச்சிருப்பேன். நாப்பது வீடும் போயிருக்கும். என் வீடும்தான். நீங்க வாங்கிக் குடுத்த ஆம்ப்ளிஃபயர்லதான் நான் சோறு தின்னேன். ரேடியோ, மோட்டார், டிவி, கம்ப்யூட்டர்னு ஆசைப்பட்டதையெல்லாம் நோண்டிப் பார்த்தாச்சு. இப்படி ஒரு வாழ்க்கை யாருக்குக் கிடைக்கும்? அது எனக்குக் கிடைச்சது யாரோ ஒருத்தர் அந்தச் சுவிட்சைக் கீழ தள்ளினதால. தூரதேசத்துக்கெல்லாம் 'நீங்க பேசுனது கேட்டுச்சு'ன்னு எழுதிப் போட்டேன். பக்கத்து வீட்டுக்கு எழுதலை." தையல்நாயகி பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அம்மா, கேட்டுச்சும்மா. அன்னிக்கே கேட்டுச்சு. பலகையில இருக்க வேண்டியது உங்க பேரு."

கைதட்டல் கிளம்பியது. தையல்நாயகி மட்டும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். மருதையன் இறங்கி வந்து மைக்கைக் கொடுத்தார்.

"மருதையன் தப்பாச் சொல்றாருங்க" என்றாள். அந்த மரியாதை 'ருங்க'வைக் கேட்டுக் காத்தாயி புருவத்தைத் தூக்கினாள். "நான் இல்ல. வெத்தலைத் தட்டை எடுத்துக்கிட்டுக் கூடத்துக்கு வந்தேன். பஞ்சநாதன் அந்தப் பவுடர் டப்பாவைத் துண்டுக்கு அடியில வச்சு, கட்டை விரலால கீழ தள்ளினாரு. தள்ளிட்டு, 'அய்யா, சனிக்கிழமைக்கு என்ன செய்யணும்னு இன்னொரு தடவை விவரமாச் சொல்லுங்க'ன்னாரு. என்னை நிமிந்து பார்த்தாரு. நான் தட்டை வச்சுட்டுப் பேசாம திரும்பிட்டேன். நான் செஞ்சது அவ்வளவுதான்."

"யாரு, நம்ம தம்பி காதைப் பிச்ச பஞ்சநாதனா?" காத்தாயிக்கு மைக் தேவைப்படவில்லை.

"அவருதான். பின்னால ஒரு நாள் கேட்டேன். 'அய்யா சொன்னா நான் உழுதுதான் ஆவணும். அய்யா சொன்னது ஊருக்கே கேட்டுட்டா உழ வேண்டியதில்லையே'ன்னாரு. அந்த அறையை மட்டும் கொஞ்சம் மெதுவா விட்டிருக்கலாம்னு எனக்குக் காது கேட்ட வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

மருதையனின் கை தானாக இடது காதுக்குப் போனது. வாசல் குழாயைக் கழட்டு. வாய்க்கால் கரையில போய்ச் சாப்பிடு. பஞ்சநாதன் அன்று சொன்னது ஒவ்வொன்றாக இப்போதுதான் அவருக்குக் கேட்டது.

"ஆனா சாவி?" என்றார். "சாவி இல்லாமத்தானே கடப்பாரையால உடைச்சாரு?"

"சாவி அவரு இடுப்புலதான் இருந்துச்சு. எடுத்துத் திறந்திருந்தா பூட்டினது யாருன்னு எங்க வீட்டு அய்யாவுக்குத் தெரிஞ்சு போயிருக்குமே" என்றாள் தையல்நாயகி. "அதைத் தூக்கிப் போட மனசு வரலையாம். உங்ககிட்டயே குடுத்துட்டு விஷயத்தைச் சொல்லிடணும்னு வருஷா வருஷம் ஆவணியில கொண்டுபோவாராம். அங்க வந்து நின்னா வாய் வராதாம். சின்னச் சாவி. பித்தளை. ஒரு ரேடியோவுக்குள்ள போட்டு வச்சிருந்தாரு."